புறனடை

வாட்ஸோவில் இரவு இரண்டு மணி.
டிசம்பரில் இந்த ஊர்
பகலா இரவா என்று கேட்பதில்லை.
ஹால்டிஸ்தான் கடிகாரத்தைப் பார்க்கிறாள்:
பராமரிப்புக்கு ஒதுக்கிய நேரம்
நான்கு மணி வரை.

அவள் எழுதிய கருவி திரையில்.
இரண்டு குளிர்காலம், நாற்பத்தோரு பதிப்பு.
எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும்
ஒரே இலக்கணத்தில் பேசவைக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
முன்பு ரூட்டருக்கு ஒரு கொச்சை.
ஒன்றைக் கெஞ்ச வேண்டும், ஒன்றை அதட்ட வேண்டும்,
ஒன்று மூன்றாம் வரியிலேயே முகம் திருப்பிக்கொள்ளும்.
இப்போது மரம்.
கிளைக்குள் கிளை, நுனியில் இலை,
இலைக்கு இலை வகை உண்டு:
இது எண், இது முகவரி, இது ஆம் அல்லது இல்லை.
எண்ணின் இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்தால்
கருவி சிவக்கும்,
வல்லினம் மிகாத இடத்தில் மிகுந்ததைக் கண்ட
மெய்ப்புத் திருத்துநரைப் போல.

பெர்லவோக் சுகாதார நிலையத்தில்
மாடிப்படிக்குக் கீழே
பனி வாரும் மண்வெட்டிகளோடு நிற்கிறது
இன்றைய பெட்டி.
மலைச்சாலையில் மாலையே தடுப்பை இறக்கிவிட்டார்கள்.
காற்று.

பூட்டினாள். வரைவில் எழுதினாள்.
சரிபார்க்கச் சொன்னாள். பச்சை.
பிறகு ஒரு நிபந்தனையோடு
நடைமுறைக்குக் கொண்டுவந்தாள்:
அறுநூறு நொடிக்குள் என் சொல் வராவிட்டால்
பழையபடி ஆகிவிடு.

வரி பாதியில் நின்றது.
பிங் போகிறது.
திரும்புவதில்லை.
சாவியை உள்ளே வைத்துக் கதவை அறைந்து சாத்தியது
நாற்பதாவது நொடியில் புரிந்தது.

அலைபேசியில் இரவுப் பணி செவிலியர் ஒட்வார்.
"விளக்கு என்ன நிறம்?"
"ஆரஞ்சு. அணைத்துப் போடவா?"
"தொடாதே."
"வேறென்ன செய்யட்டும்?"
"ஒன்றும் செய்யாதே.
என்னோடு சேர்ந்து ஒன்றும் செய்யாமல் இரு."

நான்காம் அறையில் ஒரு நண்டுப் படகுக்காரர்.
அவர் மூச்சின் கணக்கு
நிமிடத்துக்கு நிமிடம் கிர்கெனெஸ் போய்க்கொண்டிருந்தது.
இப்போது ஒட்வார் பேனாவால் எழுதுகிறான்,
மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில்:
88.
91.
90.

மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு.
எத்தனை கல்யாணம், எத்தனை கையெழுத்து
அந்த ஒரு சொல்லில் ஓடியிருக்கிறது.
இந்த நெறிமுறையை வகுத்தவர்கள்
எந்த அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ,
மாற்றி எழுதியிருக்கிறார்கள்:
மௌனம் மறுப்பு.
பேசாதவள் பேச முடியாதவளாக இருக்கலாம்.
அவளுக்காகத் திரும்பிப் போ.

காப்பி ஆறியது. குடித்தாள்.
ஐந்நூற்று எண்பது.
காதுக்குள் ஒட்வாரின் செருப்புச் சத்தம்
படியிறங்கி, படியேறி.
அறுநூறு.
அறுநூற்று மூன்று (அந்த மூன்றை யாரிடம் சொல்வது).
பிங் திரும்பியது.

காரணம் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.
கம்பெனி தந்த கோப்புகளில் கடைசியாக, சின்னதாக:
இந்த இலையை ஏற்போம்,
இந்தப் பெட்டியில் நிறைவேற்றமாட்டோம்.
புறனடை.
புறனடை இல்லாத இலக்கணத்தை யார் கண்டது,
பேச்சு விதியின் கரையில் வழிந்துகொண்டேதான் இருக்கும்.
அதைப் படிக்கத் தெரிந்த கருவிதான் இதுவும்.
எச்சரிக்கைகள் மழையாய்க் கொட்டுகின்றன என்று
அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை
அந்தப் பகுதியை மூடிவைத்தவள்
அவளேதான்.
பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: "தற்காலிகம்."

மூன்று ஐம்பது.
இன்றைக்கு இனி எதையும் அனுப்பப்போவதில்லை.
மூடியதைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை.
வரட்டும்.
புதிதாக ஒரு சோதனை எழுதி
அதற்குத் "தொடாதே" என்று பெயர் வைத்தாள்.

ஒட்வார் மறுபடி அழைத்தான்.
"பச்சை. அவர் தூங்குகிறார்.
இந்தச் சீட்டை என்ன செய்ய?"
"எண்களைப் படி."

படித்தான்.
சோதனைத் தரவில் அவற்றைப் போட்டாள்,
ஒன்றன்கீழ் ஒன்றாக.
வகை: எண்.